பதினோராவது கேள்வி

மூன்றாவது தடவை எழுதித் தேறினேன், சேலத்தில்,
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
அட்டையில் என் பெயருக்குக் கீழே
'செல்வ மேலாளர்' என்று அச்சடித்துத் தந்தார்கள்.
அன்று என் கணக்கில் இருந்தது
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

தருமபுரி நாலு ரோட்டில், உரக்கடைக்கு மேலே எங்கள் கிளை.
பூச்சிமருந்து வாசனை மாடியேறி வந்து
ஏசி அறையில் உட்கார்ந்துகொள்ளும்.
சித்தார்த்தன் சார் திங்கள்தோறும்
வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேரே எழுதுவார்,
பத்து லட்சம்.
வெள்ளிக்கிழமை அதை அழிக்கும்போது
என்னைப் பார்க்க மாட்டார்.

பாலக்கோடு தாண்டி மாரண்டஅள்ளிப் பக்கம்
முனிரத்தினம், வயது அறுபத்தொன்று.
சாலைக்குப் போன ஒன்றரை ஏக்கருக்கு
முப்பத்தெட்டு லட்சம் வந்திருக்கிறது என்பது
கீழே உரக்கடையில் என் காதில் விழுந்த சேதி.
இப்படித்தான் எங்கள் தொழிலில் செல்வம் பேர் சொல்லி வரும்.

டேப்லட்டை மடியில் வைத்துப் படித்தேன்.
வருமானம் நிலையானதா? சிரித்தார்.
ஓய்வுபெற எத்தனை ஆண்டு இருக்கிறது?
அவர் கௌரம்மாவைப் பார்த்தார்,
கௌரம்மா மாட்டைப் பார்த்தாள்.

பதினொன்று:
உங்கள் முதலீடு ஒரே மாதத்தில்
நூற்றுக்கு இருபது இறங்கினால் என்ன செய்வீர்கள்?
அ. எல்லாவற்றையும் விற்றுவிடுவேன்.
ஆ. காத்திருப்பேன்.
இ. மேலும் வாங்குவேன்.

"இருபதுதானா?" என்றார்.
"ஆடியில பொட்டி எண்ணூறு.
பொரட்டாசியில அம்பது, பறிகூலிக்கே காணல.
மண்டி வாசல்லயே கொட்டிட்டு வந்து
மறுவாரம் பத்தாயிரம் நாத்துக்கு அட்வான்சு குடுத்தேன்.
அது இதுல எந்த எழுத்தும்மா?"

'இ'யைத் தொட்டேன்.
சக்கரம் கொஞ்சம் சுற்றி, வயதையும் வருமானச் சான்று இல்லாததையும்
கூட்டிக் கழித்து, பச்சை எழுத்தில் சொன்னது:
இடர் ஏற்கும் திறன், மிகக் குறைவு.
அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு கௌரம்மா கேட்டாள்:
"தக்காளி வெல எறங்கினா
காசு யாருகிட்ட சேந்துச்சுன்னு தெரியும்.
இதுல எறங்கினா அந்தக் காசு எங்க போயி இருக்கும்?"

பன்னிரண்டு அத்தியாயம், மூன்று முறை படித்திருக்கிறேன்.
"எங்கயும் போகாதும்மா, காகிதத்துலதான்..." என்று தொடங்கினேன்.
அவள் எழுந்து போய்
டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள்.
ஈமு கோழிப் பத்திரம்.
முத்திரை, இரண்டு கையெழுத்து, வண்ணத்தில் ஒரு பறவை.
பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்,
இன்னும் கசங்காமல்.

என் பையில் சார் கொடுத்தனுப்பிய திட்டம் இருந்தது,
பத்து வருஷப் பூட்டு, முதல் வருஷமே எங்களுக்குக் கொழுத்த கமிஷன்.
நல்லவள் என்பதால் அல்ல,
அந்தத் துணியின் மடிப்பைப் பார்த்தபிறகு
பையின் ஜிப் திறக்கவில்லை.

பெரும்பகுதி பேங்கிலும் தபால் ஆபீசிலும் போடுங்கள் என்றேன்,
இருவர் பெயரிலும்.
இங்கே மாதம் இரண்டாயிரம், கௌரம்மா பெயரில் மட்டும்.
ஏறும், இறங்கும்.
எங்கே போகிறது என்பதைக் கேட்டு வந்து சொல்கிறேன்.

முதல் வருஷம் இதில் கம்பெனிக்கு வருவது
சுமார் நூறு ரூபாய்.
வண்டிக் கொக்கியில் அவள் மாட்டிவிட்ட பையில்
மூன்று கிலோ இருக்கும்,
காலை மண்டியில் கிலோ நாற்பத்தைந்து.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.
சார் இரண்டு தடவை அழைத்திருந்தார்.
கை சும்மா இல்லாமல் அந்தக் கேள்விகளுக்கு
நானே பதில் போட்டேன்.
வயது இருபத்தாறு. சம்பளச் சான்று உண்டு.
படிப்புக் கடனைக் கேட்க அதில் இடமே இல்லை.
பதினொன்றில் விரல் கொஞ்சம் நின்று
'இ'யைத் தொட்டது, பொய்தான்.
துணிச்சலான முதலீட்டாளர் என்று வந்தது
என் பெயர் போட்டு.

கேட் தூக்கியதும்
தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது.
ஓரமாய் ஒதுங்கி
முதலில் அதைப் போகவிட்டேன்.